சென்னைப் புழுக்கத்தில் ஓட எதை உடுத்துவது: ஏழு வருட அனுபவம்

புது டி-ஷர்ட் வாங்கி வந்தால் முதல் வேலையாக அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பேன். சொட்டுவது நின்றதும் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்ப்பேன். அப்புறம் அந்த ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு கையை முன்னும் பின்னும் வீசிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் நின்று கண்ணாடியில் பார்ப்பேன். சென்னையில் காய்ந்த துணியில் ஓடுவது முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான், மிச்ச நேரமெல்லாம் ஈரத்துணி. அதனால் கடையில் காற்றாடிக்குக் கீழே தொங்கும்போது ஒரு துணி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

2018-ல் வேலூரில் ஓட ஆரம்பித்தேன். கோட்டைப் பக்கம் காலையில் நடக்க வருகிறவர்களோடு நடந்து, அது மெல்ல ஓட்டமாக மாறியது. 2021-ல் சென்னைக்குக் குடிவந்தோம். இப்போது திருவான்மியூரிலிருந்து பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை வரை போய்த் திரும்புவது என் வழக்கம், வாரத்தில் நான்கு நாள், மொத்தம் முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர். வேலூர் வெயில் தெரியாதவர்கள் இல்லை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம். சென்னை அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவுதானே, சுலபமாக இருக்கும் என்று நினைத்து வந்தேன். முதல் வாரமே அந்த நினைப்பு போய்விட்டது.

ஏன் என்று புரிய எனக்கு ஒரு கோடைக்காலம் ஆனது. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை, அந்த வியர்வை ஆவியானால்தான் சூடு வெளியேறும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தால் அதனால் கிடைக்கும் குளிர்ச்சி மிக மிகக் குறைவு. வேலூரின் காய்ந்த காற்றில் முதுகு நனைவதும் காய்வதும் சேர்ந்தே நடக்கும். கடற்கரை ஓரத்தில் காலை ஐந்து மணிக்குக் காற்றே ஈரமாக இருக்கும்போது வியர்வை போக இடமில்லாமல் துணியிலேயே தங்குகிறது. 2019 தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 68 பேர் கிளம்பி 40 பேர்தான் ஓடி முடித்தார்கள். வெயிலே இல்லாத நேரம், உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள், தேவையான உடுப்பும் ஷூவும் கையில் இருந்தவர்கள். எந்தத் துணியாவது 'குளிர்ச்சி தரும்' என்று விற்கப்படும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். புழுக்கத்தில் துணி நம்மைக் குளிர வைக்காது. தண்ணீரைச் சுமக்காமல், உடம்போடு ஒட்டாமல், தோலை உரசாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

வெயிலுக்கு நூல் துணிதான் நல்லது என்று எங்கள் அம்மா சொல்வார். வேலூரில் ஐந்து கிலோமீட்டர் வரைக்கும் அது முழு உண்மை. பருத்தி பனியன் நனைந்து, காற்றுப்பட்டுச் சில்லென்று இருக்கும், நான் மூன்று வருடம் அப்படித்தான் ஓடினேன். அதே பருத்தி டி-ஷர்ட்டை எலியட்ஸில் போட்டு ஓடியபோது எட்டாவது கிலோமீட்டரில் கழுத்துப் பட்டை தொங்கிப் போய், கீழ்விளிம்பு தொடையில் சளப் சளப் என்று அடித்தது. வீட்டுக்கு வந்து எடை போட்டேன். காய்ந்தபோது 170 கிராம், கழற்றியபோது 430 கிராம். இப்போது நான் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட் 105 கிராம், அதே தூரத்துக்கு 200-ஐத் தாண்டுவதில்லை.

பாலியஸ்டர் என்றாலே நல்லது என்றும் இல்லை. ஓட்டப் பந்தயங்களில் கொடுக்கும் டி-ஷர்ட் என்னிடம் பதினொன்று சேர்ந்திருக்கிறது, மூன்றுதான் ஓட உதவும். மற்றவை தடித்த துணி, அல்லது நெஞ்சை அடைத்து ரப்பர் மாதிரி அச்சடித்த எழுத்து. அந்த அச்சுக்குப் பின்னால் காற்றே போகாது, நீண்ட ஓட்டத்தில் அங்கே வேர்க்குரு கிளம்பும். நான் இன்று நம்பிப் போடுபவை திருப்பூரில் உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்தவை. அங்கே டாட் நிட், ரைஸ் நிட் என்று துணியின் பின்னலை வைத்துப் பெயர் சொல்வார்கள், எடையை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று சொல்வார்கள். 120, 130 ஜிஎஸ்எம் போதும். 160-க்கு மேல் போனால் எங்கள் ஊர்க் காற்றுக்குக் கனம். ஒன்று 250 ரூபாய் ஆனது, நான்காவது வருடம் ஓடுகிறது, தையல் ஒரு இடத்திலும் விடவில்லை. இதைவிட ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஒன்றும் இருக்கிறது. அதன் தையல் தட்டையாக இருப்பதால் அக்குளில் உரசாது, அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இருபது கிலோமீட்டருக்கு மேல் போகும் நாளில் அதை எடுக்கிறேன்.

நாற்றம் உண்மையான பிரச்சினை. பாலியஸ்டரில் அது ஏறிக்கொண்டால் துவைத்துக் காயப்போட்ட துணிகூடப் போட்ட பத்தாவது நிமிடம் வாடை அடிக்கும். வந்தவுடன் வெறும் தண்ணீரில் அலசிவிடுவது, உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைப்பது, மாதம் ஒரு முறை வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைப்பது, இவ்வளவு செய்தால் கட்டுக்குள் இருக்கிறது. வாசனைக்காக ஊற்றுகிற துணி கண்டிஷனரை இந்தத் துணிகளுக்குத் தொடவே கூடாது. அது நூலின் மேல் படலமாகப் படிந்து ஈரம் பரவுவதைத் தடுக்கும்.

பெண்கள் என்ன போடுவது என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நான் ஆரம்பித்தபோது எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. வெள்ளை, வெளிர் மஞ்சள் டி-ஷர்ட்டுகள் வெயிலுக்கு நல்லது என்று வாங்கி, நனைந்ததும் உள்ளே இருப்பது தெரிய ஆரம்பித்து, திரும்பி வருகிற நான்கு கிலோமீட்டரும் துணியை இழுத்து இழுத்து விட்டபடி வந்திருக்கிறேன். வாளி சோதனை அன்றைக்குப் பிறந்ததுதான். இப்போது வெளிர் நீலம், பிஸ்தா பச்சை மாதிரி நிறங்களில் மேலே நெருக்கமான பின்னல் உள்ளதை எடுக்கிறேன். இருட்டில் கிளம்புவதால் கறுப்பு வேண்டாம், வண்டிக்காரர்களுக்கு நாம் தெரிய வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் ப்ராவைத்தான் முதலில் நல்லதாக வாங்க வேண்டும், ஷூவுக்குச் சமமாக. தலைவழியாகப் போடும் இறுக்கமான வகை ஓடும்போது நன்றாக இருக்கும், ஓடி முடித்து ஈரத்தோடு கழற்றும்போது தோள் சுளுக்கிக்கொள்கிற அளவுக்குப் போராட வேண்டும். முதுகில் கொக்கி உள்ள வகைக்கு மாறினேன், இனி திரும்ப மாட்டேன். விலா எலும்புக்கு மேலே உட்காரும் பட்டைதான் தோலை அறுக்கும் இடம். எனக்கு அங்கே ஒரு தழும்பே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் வியர்வையோடு போய்விடுகிறது. வாசலின் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. தொடையின் உள்பக்கம், அக்குள், பட்டை உட்காரும் இடம், மூன்றிலும் தடவாமல் பத்து கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். ஓடும்போது தெரியாது, குளிக்கத் தண்ணீர் ஊற்றும்போது உயிர் போகும். ஆண்களுக்கு மார்க்காம்பில் ரத்தம் கசிவது சாதாரணம், மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப் ஒரு துண்டு ஒட்டினால் தீர்ந்தது.

கீழே, முதல் நான்கு வருடம் கணுக்கால் வரை வரும் லெக்கிங்ஸ்தான். பார்வைகளுக்குப் பயந்து போட்டது, சௌகரியத்துக்காகப் போட்டது இல்லை. பங்குனி, சித்திரையில் முழங்காலுக்குப் பின்னால் புழுங்கிப் போகும். இப்போது தொடை வரை வரும் இறுக்கமான அரை டைட்ஸ், அதற்கு மேல் முழங்காலைத் தொடும் தளர்வான ஷார்ட்ஸ். உரசலும் இல்லை, காற்றும் படுகிறது. முறைக்கிறவர்கள் முறைக்கத்தான் செய்கிறார்கள், அதை அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். எங்களோடு ஓடும் அக்கா ஒருவர் சல்வாரில்தான் ஓடுவார், ஒன்றரை மணி நேரம் சலிக்காமல் ஓடுவார். பக்கவாட்டில் நன்றாகக் கிழிவு விட்ட, மெல்லிய செயற்கை இழைக் குர்த்தி தைத்துக்கொண்டார், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்வார். உங்கள் வீட்டுச் சூழலுக்கு அதுதான் முடியும் என்றால் அப்படியே கிளம்புங்கள், ஷார்ட்ஸ் இல்லை என்று ஓடாமல் இருக்க வேண்டாம்.

சரி, ஷூ. கடையில் காலை நேரத்தில் போய் அளவு பார்த்து வாங்கிய முதல் ஷூ என் இரண்டு கட்டைவிரல் நகங்களையும் கறுப்பாக்கியது. சூட்டில் ஓடும்போது பாதம் வீங்கும். சாயங்காலம் போங்கள், ஓடும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள், விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வழக்கமாக நான் போடுவது யூகே 5, ஓட 6. என் பாதம் அகலம், பெண்கள் மாடலில் முன்பக்கம் குறுகலாகவே இருந்ததால் ஆண்கள் பக்கத்தில் 6 எடுத்தேன், அன்றிலிருந்து கொப்புளம் பாதியாகக் குறைந்தது.

ஷூவின் மேல்துணி எவ்வளவு சல்லடையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே விரலை வைத்தால் விரல் அசைவது தெரிய வேண்டும். ஐப்பசி மழைக்கு உதவும் என்று தண்ணீர் புகாத வகை ஒன்றை வாங்கினேன். மழை உள்ளே வரவில்லை, ஆனால் காலில் வழிந்து இறங்கிய வியர்வையும் வெளியே போகவில்லை, ஆறாவது கிலோமீட்டரில் ஒவ்வொரு அடிக்கும் பொளக் பொளக் என்று சத்தம். எங்கள் ஊரில் அரைக்கால் உடுப்பில் ஓடினால் வியர்வை முழுக்க ஷூவுக்குள்தான் வந்து சேரும், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஷூ நனையும், அதனால் தண்ணீர் வெளியேறும் வழிதான் முக்கியம்.

காயவைப்பதில் நான் செய்த தப்பு விலை உயர்ந்தது. ஈர ஷூவை மொட்டை மாடி வெயிலில் வைத்து வைத்து எடுத்தேன், மூன்றாவது மாதம் முன்பக்கம் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தபோது, கையில் வாங்கிப் பார்த்ததுமே கேட்டார்: "மாடில வெயில்ல வெச்சீங்களாம்மா? பசை விட்டுரும்மா. ஃபேனுக்குக் கீழ வைங்க." அன்றிலிருந்து உள்பட்டையை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, காற்றாடிக்குக் கீழே வைக்கிறேன். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்துவிடும், மாற்ற வேண்டும். அப்படியும் புழுக்க மாதங்களில் மறுநாள் காலைக்குள் முழுதாகக் காயாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது இங்கே ஆடம்பரம் ஆகாது. ஈர ஷூவில் தொடர்ந்து ஓடி விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்து இரண்டு வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜாலந்தரில் 1978-ல் இந்திய ஓட்டக்காரர் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார், வெறுங்காலோடு ஓடப் பழகியவர் அவர். அதைக் காட்டி ஷூவே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. கடற்கரை மணலில் நானும் வெறுங்காலில் ஓடுவேன், பிடிக்கும். ஆனால் காலை ஏழு மணிக்கு மேல் நம் தார்ச்சாலையில் ஒரு முறை கால் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாக்ஸுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். பள்ளிக்கூடப் பருத்தி சாக்ஸோடு பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் குதிகால் உரிந்து வரும். மெல்லிய நைலான் கலப்பு சாக்ஸ் போதும். விரலுக்கு விரல் பிரிந்த சாக்ஸ் என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது, விலை அதிகம், நீண்ட ஓட்டத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன், அதில் இதுவரை ஒரு கொப்புளமும் வந்ததில்லை.

தொப்பியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உச்சி திறந்த வைசர் போதும், கண்ணில் வியர்வை இறங்காது, தலைச் சூடும் வெளியேறும். சூரியன் ஏறிய பிறகு ஓடுவதாக இருந்தால் சல்லடைத் துணித் தொப்பியை நனைத்துப் போடலாம்.

2022 கத்திரி வெயிலில் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பி, முழுக்கை இறுக்க உடுப்போடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்பது மணி வரை ஓடினேன். தோல் கறுக்காது என்பதற்காகப் போட்டது. பதினாலாவது கிலோமீட்டரில் அந்த வெயிலிலும் கையில் மயிர்க்கூச்செறிந்தது, குளிருவது போல இருந்தது, தலை சுற்றியது. நல்லவேளை நிழல் இருந்தது, உட்கார்ந்தேன், இளநீர்க் கடைக்காரர் தலையில் தண்ணீர் ஊற்றினார். வெயிலில் குளிர் எடுத்தால், வியர்வை நின்றால், உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள், மேலுடுப்பைத் தளர்த்துங்கள், தண்ணீரை உடம்பில் ஊற்றுங்கள், தனியாக இருக்காதீர்கள். அந்த உடுப்பை இப்போது குளிர்ப் பிரதேசத்தில் இருக்கும் தங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்கிறார்கள். பெண்களுக்கு ப்ரா, ஷூ, சாக்ஸ், கீழே உரசாத அரை டைட்ஸ், கடைசியில் டி-ஷர்ட். ஆண்களுக்கு ஷூவிலிருந்து அதே வரிசை. வாசலின் டப்பா எல்லாருக்கும் முதல் நாளே. என் இப்போதைய ஷூ 610 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, குதிகால் ரப்பர் ஒரு பக்கம் தேய்ந்து அடியில் இருக்கும் வெள்ளை நுரை தெரிகிறது. அடுத்த ஜோடிக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போக வேண்டும், ஓட்ட சாக்ஸை இப்போதே பைக்குள் போட்டு வைத்துவிட்டேன்.