சிம்கோ ஏரியின் ஐஸ்மேல் எந்த ஏ.டி.வி.? நான்கு குளிர்காலங்களுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

சிம்கோ ஏரி ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அது உறைந்ததும் அதன் தென்புறக் குக்ஸ் குடாவில் ஐஸைத் துளைத்து மீன்பிடித்தால், கரைக்குக் கிட்டவே மஞ்சள் பேர்ச் கிடைக்கும் என்பதால், முதல் இரண்டு குளிர்காலங்களும் நானும் என் மைத்துனரும் பொருட்களைப் பிளாஸ்ரிக் சறுக்குப்பெட்டியில் ஏற்றி, கயிற்றால் இழுத்துக்கொண்டு நடந்தே போய்வந்தோம். பேர்ச் சிறிய மீன்தான். ஆனால் மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்து வைத்தால், தட்டு காலியாகும்வரை வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. லேக் றவுட்டிலும் வைற்பிஷ்ஷிலும் ஆசை வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. அவை ஆழத்தில் நிற்கும் மீன்கள். கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, இருபது முப்பது மீற்றர் ஆழமுள்ள இடத்துக்குக் கூடாரம், ஐஸ் துளைக்கும் ஓகர், கணப்பு, மீன்காட்டி எல்லாவற்றையும் இழுத்துப் போய், மாலையில் எதிர்க்காற்றில் திரும்பி நடப்பதற்கு எங்கள் முழங்கால்கள் இணங்கவில்லை. அப்போதுதான் ஏ.டி.வி. என்னும் நான்கு சக்கர வண்டியைப் பற்றி யோசித்தோம். அதன் பிறகு நான்கு குளிர்காலங்களில் ஒரு பழைய வண்டியை வாங்கி விற்றிருக்கிறேன். நண்பர்களின் மூன்று வண்டிகளை ஓட்டியிருக்கிறேன். இப்போது இரண்டாவதாக ஒன்றை வைத்திருக்கிறேன். இந்த மதிப்பீடு அந்த அனுபவத்திலிருந்து வருவது. காட்டுப்பாதையிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கு வண்டி தேடுகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது.

முன்னால் சறுக்குக்கட்டையும் பின்னால் ரப்பர்ப் பட்டியும் கொண்ட பனிவண்டியான ஸ்நோமொபைல் இருக்கும்போது ஏன் ஏ.டி.வி. என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். திரவக் குளிரூட்டல் கொண்ட ஸ்நோமொபைலின் எஞ்சின், பின்பட்டி வாரியெறியும் பனி அடிப்புறத்து வெப்பமாற்றிகளில் படுவதால் குளிர்கிறது. பட்டி உரசிச் செல்லும் பிளாஸ்ரிக் சறுக்குகளுக்கும் அதே பனிதான் உயவு. காற்று பனியைச் சீவித் தள்ளிவிட்டு வெறும் ஐஸை மட்டும் விட்டுவைக்கும் ஏரியில் அந்தப் பனி கிடைக்காமல் எஞ்சின் சூடேறுகிறது. ஏ.டி.வி. தன் சொந்த ரேடியேற்றரையும் மின்விசிறியையும் நம்பியிருப்பதால், வெறும் ஐஸில் மெதுவாகப் பாரம் இழுத்துப் போவது அதற்குப் பெரிய காரியமல்ல. மாறாக, பனி முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடக்கும் ஏரியில் ஏ.டி.வி. வயிற்றை ஊன்றிக்கொண்டு சக்கரங்களைச் சுழற்றும். அங்கே ஸ்நோமொபைல்தான் சரி. ஆகவே உங்கள் ஏரி எப்படிப்பட்டது என்பதை அறியாமல் கடைக்குப் போகவேண்டாம்.

கடைக்காரர்கள் குதிரைத்திறனைப் பற்றிப் பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது எடையை. மினசோட்டா மாநிலத்தின் இயற்கைவளத் துறை, புதிதாக உறைந்த தெளிந்த ஐஸுக்கு வெளியிட்டிருக்கும் வழிகாட்டலில், நடந்துபோகிறவருக்கு 4 அங்குலமும், ஸ்நோமொபைலுக்கும் சிறிய ஏ.டி.வி.க்கும் 6 முதல் 7 அங்குலமும், இருவர் அருகருகே அமர்ந்து ஓட்டும் வண்டிக்கு அதைவிடக் கூடுதலும் கேட்கிறது. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸின் பலம் ஏறத்தாழப் பாதி என்பதால் அங்கே தடிப்பு இரட்டிப்பாக வேண்டும். 300 கிலோகிராம் வண்டியில் குளிருடுப்போடு 95 கிலோகிராம் ஆள் ஒருவர் ஏறி, பின்னால் 80 கிலோகிராம் பாரத்தை இழுத்தால், ஏறத்தாழ அரைத் தொன் நகர்கிறது. அதற்குமேல் நூறு கிலோகிராம் கூடிய வண்டியை வாங்குகிறவர், பருவத்தின் தொடக்கத்தில் சில நாட்களையாவது கரையில் நின்று மற்றவர்களைப் பார்த்துக் கழிக்கவேண்டியிருக்கும். சிம்கோவில், ஐஸ் பரப்புகள் ஒன்றையொன்று நெருக்குவதால் உண்டாகும் அமுக்க வெடிப்புகளும் உண்டு. நேற்றுப் பலகை போட்டுக் கடந்த இடம் இன்று நீராகத் திறந்து கிடக்கும். அத்தகைய இடத்தில் இலகுவான வண்டியையே எவரும் விரும்புவர்.

எஞ்சின் பலத்தைப் பொறுத்தவரை, ஐஸில் அது வீணாகும் பொருள். வெறும் ஐஸில் ரயரின் பிடிமானம் மிகக் குறைவு என்பதால், 1000 சி.சி. எஞ்சின் அந்தப் பிடியைத் தாண்டிச் சக்கரத்தைச் சுழற்றுவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. நாங்கள் ஓட்டும் வேகம் பெரும்பாலும் மணிக்கு 20 அல்லது 25 கிலோமீற்றர். இதற்கு 400 முதல் 570 சி.சி. வரை தாராளம். பிடிமானத்தைத் தருவது ரயரில் திருகும் உலோக ஆணிகளும் சங்கிலியும்தான். நான் நான்கு சக்கரங்களுக்கும் ஆணி அடித்திருக்கிறேன். சங்கிலி இன்னும் பலமாகப் பிடிக்கும். ஆனால் கைகளில் ஏறும் அதிர்வு, மாலையில் தூண்டில்கோலைப் பிடிக்கும்போதும் போகாது.

இப்போது வண்டிகளுக்கு வருவோம். ஹோண்டாவின் ராஞ்சர் 420 இலகுவானது. ஹோண்டா அதற்குக் கொடுக்கும் இழுவை அளவு 848 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 385 கிலோகிராம். ஒருவர், ஒரு கூடாரம், ஒரு சறுக்குப்பெட்டி என்றால் அது போதும். மெதுவாக, கூடுதல் இழுவலுவோடு நகரவைக்கும் தாழ்வீச்சுக் கியர் அதில் இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. ஐஸின்மேல் பனிக்கடியில் நீர் ஊறி நிற்கும் பனிக்கூழில் பாரத்தோடு நின்றுவிட்டு மீண்டும் நகரும்போது அந்தக் கியரின் அருமை தெரியும். அதே நிறுவனத்தின் 520 வகை ரூபிக்கனில் தாழ்வீச்சும், முன்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் வசதியும் உண்டு. இழுவை 600 கிலோகிராம். எடையும் அதற்கேற்பக் கூடுகிறது. பொலாரிஸின் ஸ்போர்ட்ஸ்மன் 570 வண்டி 567 சி.சி., 44 குதிரைத்திறன். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கிய கணத்தில் முன்சக்கரங்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும் அதன் ஏற்பாடு ஐஸில் மிகவும் இயல்பாக உணரப்படுகிறது. கான்-ஆம் அவுட்லாண்டரின் புதிய 500, 700 வகைகள் இழுவையில் எல்லோரையும் முந்துகின்றன. ஐஸில் உள்ளே இருந்து மீன்பிடிக்கும் மரக்குடிசையையே இழுத்துப்போக நினைப்பவர் அவற்றைப் பார்க்கலாம். யமஹாவின் கோடியாக் 450, வேகத்தை விட்டவுடன் நான்கு சக்கரங்களிலும் எஞ்சினாலேயே தணிவைத் தருகிறது. பிறேக்கைத் தொட்டால் வழுக்கும் இடத்தில் இது பெரிய நிம்மதி.

இவற்றுள் ஹோண்டா வண்டிகள் பற்சக்கரக் கியரால் இயங்குகின்றன. நான் சொன்ன மற்றவை மூன்றும் ரப்பர் பெல்ற்றால் இயங்குகின்றன. என் தேர்வு பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் முடிந்தது என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். பெல்ற் ஓட்டத்துக்கு இனிமையானது. கியர் மாறும் உலுக்கல் இல்லை. ஆனால் பெல்ற் இருக்கும் பெட்டிக்குக் குளிர்ச்சிக்காகக் காற்று போகவேண்டும். காற்று போகும் வழியில் தூளான பனியும் போகும். உள்ளே அது உருகி, பெல்ற்றை நனைத்து, வண்டி நின்றபின் மீண்டும் உறையும். நான் முதலில் வாங்கிய பழைய வண்டி பெல்ற் வகை. பனிக்கூழ்ப் பரப்பு ஒன்றைக் கடந்து போய், ஐந்து மணி நேரம் மீன்பிடித்துவிட்டுத் திரும்பக் கிளப்பியபோது, எஞ்சின் உறுமியதே தவிரச் சக்கரம் அசையவில்லை. வலிந்து வேகம் கொடுத்ததில் நின்ற இடத்திலேயே தேய்ந்து பெல்ற்றில் தட்டைப்பள்ளம் விழுந்துவிட்டது. மைத்துனர் கரைக்கு நடந்து போனார். நான் கணப்பின் முன்னால் உட்கார்ந்து, என் அவசரத்தை நொந்துகொண்டேன். குறையில் பாதி வண்டியினுடையது, பாதி என்னுடையது. காற்றுக்குழாயின் வாய் உயரத்தில் இருக்கும் வண்டியைத் தேர்ந்தெடுத்து, நிறுத்துவதற்கு முன் உலர்ந்த இடத்தில் சில நிமிடம் ஓட்டிப் பெல்ற்றைச் சூடேற்றுகிறவருக்கு இது நிகழாமல் போகலாம். எனினும் விடியற்காலை இருட்டில் விறைத்த விரல்களோடு நிற்கும்போது, இத்தனை கவனம் கேட்காத இயந்திரத்தையே என் மனம் நாடுகிறது.

குளிரில் கிளம்புவது அடுத்த சோதனை. −20 செல்சியஸில் காபரேற்றர் வண்டியைக் கெஞ்சவேண்டியிருக்கும். மின்னணு எரிபொருள் செலுத்தி உள்ளதை வாங்குங்கள், இதில் இரண்டாம் யோசனை தேவையில்லை. கைப்பிடிக்கும் கட்டைவிரலுக்கும் வெப்பமூட்டி மிக அவசியமானது. ஏனெனில் வேகத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஓட்டுவதால் முதலில் விறைப்பது அதுதான். ஆனால் வெப்பமூட்டி, மேலதிக விளக்கு, கைபேசி மின்னேற்றி எல்லாம் சேர்ந்து உறிஞ்சும்போது, மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் தரும் மின்சாரம் போதாமல் பற்றரி நாள்முழுதும் இறங்கிக்கொண்டே போகும். குளிரில் அதன் வலு ஏற்கெனவே குறைந்திருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் கயிறு இழுத்துக் கிளப்பும் வசதி எடுக்கப்பட்டுவிட்டதால், கையடக்கமான மேலதிகப் பற்றரி ஒன்றைக் கோட்டின் உள்பையில் வைத்திருப்பது நல்லது. எண்ணெயையும் மறக்கவேண்டாம். கோடைக்கு ஊற்றிய தடித்த எண்ணெயோடு ஜனவரியில் கிளப்ப முயன்றவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

நிறுத்தும்போது நிறுத்தப் பிறேக்கைப் பூட்டாமல் விட்டுவிடுங்கள். ஈரமான பிறேக் பூட்டிய நிலையில் உறைந்துபோனால், வெந்நீர்ப் போத்தலைத் தேநீருக்கு வைத்துக்கொள்ள முடியாது. ரயர்களுக்கு அடியில் சிறு பலகைத் துண்டுகளை வைப்பதும் எங்கள் வழக்கம். சூடேறிய ரயர் ஐஸில் ஒட்டிக்கொள்வதை அது தடுக்கிறது.

மேலதிகப் பொருட்களில் பவர் ஸ்டியரிங் மட்டுமே கொடுத்த காசுக்கு முழுதும் மதிப்பு. காற்று வரிவரியாக அடுக்கிய கடினப் பனித்திட்டுகளில் முன்சக்கரம் கைப்பிடியைப் பிடுங்கும். நான்கு கிலோமீற்றர் அப்படிப் போனால் தோள் நோகும். சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுத்தெடுக்கும் வின்ச் வாங்கினால் செயற்கை இழைக் கயிறு இலகுவானது, ஆனால் நனைந்து உறைந்தால் கம்புபோல் ஆகிவிடும். மூடி போட்டு உலர்வாக வைத்திருக்கவேண்டும். சறுக்குப்பெட்டியைக் கயிற்றால் கட்டி இழுக்கவே வேண்டாம். வண்டி நின்றாலும் பெட்டி நிற்காது. பின்புறத்தில் வந்து இடித்து விளக்கை உடைக்கும். விறைப்பான இழுவைத்தண்டு ஒன்று, சில பத்து டொலர்களுக்கு, அந்த வேதனையைத் தீர்த்துவிடுகிறது. முன்தட்டில் ஓகரையும் பின்தட்டில் கூடாரத்தையும் ஏற்றிப் பாரத்தைச் சமப்படுத்தினால் திருப்பும்போது முன்பக்கம் மிதந்து போகாது.

சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பூட்டும் ரப்பர்ப் பட்டித் தொகுதிகளை எங்கள் குழுவில் ஒருவர் வாங்கினார். ஆழ்ந்த பனியில் அவர் எங்களையெல்லாம் தாண்டிப் போனார் என்பது உண்மை. ஆனால் பல ஆயிரம் டொலர் விலை, வேகக் குறைவு, கூடுதல் எரிபொருள், கனமான திருப்பல் ஆகியவற்றைக் கணக்கிட்டால், பருவத்தில் ஏழெட்டு முறை போகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அந்தப் பணத்துக்கு ஒரு பழைய ஸ்நோமொபைலே வந்துவிடும்.

ஒன்ராறியோவில் பொது ஏரியில் ஓட்டுவதற்கு வண்டிப் பதிவும், இலக்கத் தகடும், காப்புறுதியும், ஹெல்மெற்றும் வேண்டும். காப்புறுதிச் செலவை விலையோடு சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

நான் இன்று மீண்டும் வாங்குவதானால், தனியாகப் போகிறவனாக இருந்தால் ராஞ்சர் 420 வகையில் பவர் ஸ்டியரிங் உள்ளதை எடுப்பேன். இருவருக்குரிய பாரத்தை வழக்கமாக இழுப்பதானால் ரூபிக்கன் 520. பெல்ற் வண்டியின் மென்மையான ஓட்டத்தை விட மனமில்லாதவருக்கு ஸ்போர்ட்ஸ்மன் 570 தவறான தேர்வல்ல. 850 சி.சி.க்கு மேல் எதையும் இந்த ஏரிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கோடையில் வாங்காமல், குளிர் பிடித்த ஒரு நாளில் போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்பவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, போனவுடன் கையுறையைக் கழற்றி எஞ்சின் உறையைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.