ஸ்பிரிங் டிரான்சாக்‌ஷன்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பில்லிங், கட்டண வசூல் மாதிரியான பணம் புழங்கும் ஜாவா அப்ளிகேஷன்களில் பல வருடங்களாக ஸ்பிரிங் என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்கின் @டிரான்சாக்‌ஷனல் அனோட்டேஷனைப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு மெத்தடில் நடக்கும் டேட்டாபேஸ் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நிற்கக் கூடாது என்று சொல்லும் குறிப்பு இது; 2005-இல் ஸ்பிரிங் 1.2-உடன் வந்தது. ஈஜேபி என்ற ஜாவா சர்வர் தரத்தின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்புகளில் உழன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும். கமிட் (மாற்றங்களை உறுதிசெய்வது), ரோல்பேக் (அவற்றைத் திரும்பப் பெறுவது) கோடு பிசினஸ் லாஜிக்குக்குள் வராமல் இருப்பதை இன்றும் ரசிக்கிறேன்.

ஆனால் டீஃபால்ட்களை நம்பி விட்டுவிடக் கூடாது. ரன்டைம் எக்ஸெப்ஷனுக்கும் எரருக்கும் மட்டுமே ஸ்பிரிங் தானாக ரோல்பேக் செய்யும். ஐஓ எக்ஸெப்ஷன் போன்ற செக்டு எக்ஸெப்ஷன் (கையாளும்படி கம்பைலர் கட்டாயப்படுத்துவது) மெத்தடை விட்டு வெளியே வந்தால் அதுவரை எழுதியது கமிட் ஆகிவிடும். ஈஜேபியில் இருந்த அதே வழக்கம். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது ஆபத்து.

இன்னொன்று, ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிடுவது. ஸ்பிரிங் ஒரு பிராக்ஸியை (அழைப்பை இடைமறிக்கும் ஆப்ஜெக்ட்) முன்னால் நிறுத்தித்தான் டிரான்சாக்‌ஷனைத் தொடங்குகிறது. உள்ளுக்குள்ளேயே கூப்பிட்டால் பிராக்ஸிக்குத் தெரியாது, அனோட்டேஷன் இருந்தும் பயனில்லை. எரரும் வராது. சந்தேகம் வந்தால் org.springframework.transaction.interceptor என்ற பேக்கேஜின் லாக் லெவலை டிரேஸில் வைத்துப் பாருங்கள். எந்த மெத்தடுக்கு டிரான்சாக்‌ஷன் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று வரிவரியாக வரும்.

அதிகம் படுத்தியது ரிக்வயர்ஸ் நியூ, அதாவது ஓடும் டிரான்சாக்‌ஷனை நிறுத்திவைத்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லும் அமைப்பு. ஆடிட் (யார் என்ன செய்தார் என்ற) பதிவு மெயின் டிரான்சாக்‌ஷனோடு சேர்ந்து ரோல்பேக் ஆகக் கூடாது என்று பலரும் இதைப் போடுவார்கள். இது வெளி டிரான்சாக்‌ஷனின் கனெக்‌ஷனைப் பிடித்து வைத்துக்கொண்டே பூலில் (தயாராக வைத்திருக்கும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களின் தொகுப்பு) இன்னொன்றைக் கேட்கும். கனெக்‌ஷன் பூல் லைப்ரரியான ஹிகாரியின் டீஃபால்ட் பூல் அளவு 10. மாதக் கடைசி பில் ஓட்டத்தில் பத்து த்ரெட்களும் ஆளுக்கொரு கனெக்‌ஷனை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்து நின்றதை த்ரெட் டம்ப்பில் (எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்ற பதிவு) பார்த்தோம். டேட்டாபேஸ் சும்மா இருக்கிறது, சிபியு சும்மா இருக்கிறது, அப்ளிகேஷன் மட்டும் நகரவில்லை. 30 வினாடி கழித்து டைம்அவுட். ஹிகாரி தரும் கணக்குப்படி, ஒரு த்ரெட்டுக்கு இரண்டு கனெக்‌ஷன் என்றால் த்ரெட் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் இருந்தால்தான் இந்த முட்டல் வராது. ஸ்பிரிங் பூட்டில் டாம்கேட் வெப் சர்வரின் டீஃபால்ட் 200 த்ரெட்டுக்கு 201 கனெக்‌ஷன்! எந்த டேட்டாபேஸ் நிர்வாகியும் சம்மதிக்க மாட்டார். ஆடிட்டை கமிட்டுக்குப் பிறகு ஓடும் @டிரான்சாக்‌ஷனல் ஈவென்ட் லிசனருக்கு, அதுவும் தனி த்ரெட் பூலில், மாற்றிய பிறகு அந்தத் தொல்லை போனது. ரோல்பேக் ஆன முயற்சிகளும் ஆடிட்டில் வேண்டுமென்றால் இது உதவாது. டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எழுத வேண்டும்.

ஓப்பன் இன் வியூவை (வெப் ரெக்வெஸ்ட் முடியும்வரை டேட்டாபேஸ் செஷனைத் திறந்தே வைக்கும் அமைப்பு) எந்தப் புதிய புராஜெக்ட்டிலும் முதல் நாளே அணைத்துவிடுவேன். டிரான்சாக்‌ஷனுக்குள் வெளி ஏபிஐ அழைப்பு வைப்பதைக் கோடு ரிவ்யூவிலேயே நிறுத்துகிறேன்; அந்தப் பக்கம் தாமதமானால் இந்தப் பக்கம் டேபிள் வரியின் பூட்டை (ரோ லாக்) பிடித்தபடி நிற்கும். இப்படிப்பட்ட இடங்களில் அனோட்டேஷனைவிட, எல்லையைக் கோடிலேயே எழுதும் டிரான்சாக்‌ஷன் டெம்ப்ளேட் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

ஸ்பிரிங் 6.2-இல் எல்லா எக்ஸெப்ஷனுக்கும் ரோல்பேக் என்று ஒரே இடத்தில் அமைக்க முடிகிறது. அதற்கு முந்தைய வெர்ஷனில் இருப்பவர்கள் எந்த எக்ஸெப்ஷனுக்கு ரோல்பேக் என்று சொல்லும் ரோல்பேக்ஃபார் உள்ள சொந்த அனோட்டேஷன் ஒன்றை உருவாக்கி எங்கும் அதையே போடுங்கள்.