மாமா காரின் விசிலும் இரண்டு கணக்குகளும்

சுங்கை சிப்புட்டில் மாமாவுக்கு ஒயரிங் வேலை. அவருடைய பழைய கார் ஹைவே ஏறி 110-ஐத் தொட்டால் இரண்டு சத்தம் கேட்கும். பின்னால் பார்க்கும் பக்கக் கண்ணாடி ஓரமாக 'புஸ்'ஸென்று ஓர் இரைச்சல், கூடவே மெல்லிய விசில். "காத்தைக் கம்ப்யூட்டர்ல ஓட விடுறவன்தானே நீ, எங்கேருந்து வருதுன்னு சொல்லு மருமவனே" என்றார்.

முதலில் ரான்ஸ். காற்றின் சராசரி ஓட்டத்தை மட்டும் போடும் கணக்கு. லேப்டாப்பில் ஒரு ராத்திரி போதும். அதன் கொந்தளிப்பு அளவுகளை வைத்து, கர்ல் என்பவர் 1955-இல் வகுத்த கோட்பாட்டை ஒட்டி, மேற்பரப்பின் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சத்தம் போடும் என்று ஒரு மதிப்பீடு வரும். அதை நிறமாக வரைந்தால் சத்தம் கூடிய இடம் சிவப்பு: பக்கக் கண்ணாடிக் கூட்டின் விளிம்பும், முன்கண்ணாடி ஓரத் தூணும் சிவந்தன. விளிம்பைக் கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் சிவப்பு குறைகிறதா என்று மறுநாளே பார்த்துவிடலாம். வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஆனால் இதில் நேரம் என்பதே இல்லை. நேரம் இல்லாத கணக்கில் விசில் எங்கே இருக்கும்? ரேடியோ ஏரியல் வெறும் மஞ்சளாக நின்றது.

அடுத்தது எல்இஎஸ். பெரிய சுழல்களை நொடிக்கு நொடி துரத்தும் கணக்கு. 2000 ஹெர்ட்ஸ் வரை வேண்டும், ஓர் அலைக்கு 20 படி என்று வைத்தால் ஒரு படி 25 மைக்ரோ நொடி. 0.3 நொடி ஓட 12,000 படிகள். ஒன்பது நாள் ஆனது. காரைவிட இந்த லேப்டாப் ஃபேன்தான் இரைகிறது என்று அத்தை திட்டினார்.

மேற்பரப்பு அழுத்தத்தில் 1000 ஹெர்ட்ஸை மட்டும் பிரித்து வரைந்ததும் ஏரியல் பளிச்சென்று தெரிந்தது. கையாலேயே சரிபார்க்கலாம்: 110 கி.மீ. என்றால் நொடிக்கு 30.6 மீட்டர், அதை 0.2-ஆல் (உருண்டைக் கம்பியிலிருந்து சுழல்கள் கழலும் வேகத்துக்கான ஸ்ட்ரூஹல் எண்) பெருக்கி, ஏரியலின் 6 மி.மீ. தடிமனால் வகுத்தால் சுமார் 1020.

அதே படத்தில் ஆளை ஏமாற்றும் ஒரு பொறியும் இருந்தது. கதவுக் கண்ணாடியில், பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், பெரிய சிவப்புத் திட்டு. 'இதுதான் மூலம்' என்று கை நீட்டத் தோன்றும். இந்த வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் 560 பாஸ்கல். ஒலியிலோ 1 பாஸ்கலே 94 டெசிபல். அதனால் சிவப்பாகத் தெரியும் அழுத்தமெல்லாம் ஒலி ஆகிவிடாது. தட்டையான பரப்பில் நழுவும் சுழல் இங்கே அழுத்தி, பக்கத்திலேயே இழுக்கும். தூரத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். விளிம்பில் மோதும்போதுதான் அந்தச் சமன் கலைந்து ஒலி வெளியேறும். அதனால் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல், கர்ல் வழியிலோ 1969-இன் ஃபௌக்ஸ் வில்லியம்ஸ்–ஹாக்கிங்ஸ் சமன்பாட்டிலோ, எந்தத் துண்டு எப்போது அழுத்துகிறது என்பதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். ஒன்பது நாள் காத்திருந்து வாங்கிய படத்தை நம்பாமல் இருப்பது கஷ்டம். எனக்கும் அரை நாள் ஆனது.

வொர்க்‌ஷாப் அண்ணனின் வழி மூன்றாவது: இடுக்குகளில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓட்டி, ஒவ்வொன்றாக உரித்துப் பார்ப்பது. வாசலில் நிற்கும் காருக்கு அதுதான் சரி. இன்னும் வரைபடத்தில் இருக்கும் காருக்கு டேப் ஒட்ட முடியாது. அதற்கு ரான்ஸில் தொடங்கி, விசில் சந்தேகம் வந்தால் மட்டும் எல்இஎஸ் போவேன்.

மாமா ஏரியலில் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றினார். சுழல்கள் ஒன்றாகக் கழலாமல் சிதறி, விசில் போனது. கண்ணாடி இரைச்சல் அப்படியே இருக்கிறது. வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் சத்தம் அது, 90-இல் போனால் 5 டெசிபல் குறையும் என்றேன். "அப்புறம் ஈப்போவுக்கு எப்ப போய்ச் சேர்றது?" என்றார்.