வழியை மாற்றுவதா, அலையில் ஏறுவதா?

குடி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை முடித்து வீடு வந்தவருக்குச் சோதனையே கையில் காசு விழும் நாளில்தான். கல்லடியில் எனக்குத் தெரிந்த மீன்பிடிக்கிற அண்ணன் ஒருவர் சொல்வார்: "மீன் வித்த காசு பொக்கெட்டுக்குள்ள போனா, சைக்கிள் தானாத் தவறணைப் பக்கம் திரும்பும் தம்பி." அந்த நிமிடத்தைச் சமாளிக்க இரண்டு முறைகள் இருக்கின்றன.

முந்தியது, அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் 1980களில் வகுத்த மீள்சறுக்கல் தடுப்பு, அதாவது விட்ட பழக்கத்துக்குத் திரும்பாமல் காக்கும் முறை. எந்த நேரம், எந்த இடம், எந்தக் கூட்டாளி ஆபத்து என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே மாற்று வைப்பது. அண்ணன் காசைக் கரையிலேயே அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்வீதியால் வீடு போனார். இலகுவாகப் பிடிபடும் முறை. ஆனால் கூட்டாளி போத்தலோடு வாசலுக்கே வந்தால் எந்த வீதியால் போவது?

அடுத்தது மனக்கவன முறை. சாரா போவன், நேஹா சாவ்லா ஆகியோருடன் சேர்ந்து இதை உருவாக்கியவரும் அதே மார்லட்தான். வாரம் ஒருமுறை, இரண்டு மணித்தியாலம், 8 வாரம். வீட்டிலும் பயிற்சி உண்டு. ஆசையை அடக்கவும் வேண்டாம், அதன் பின்னால் போகவும் வேண்டாம். தொண்டை வறள்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, வாய் ஊறுகிறதா என்று மூச்சோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பது. அறுகம் குடாவில் அலைச்சறுக்குப் பலகையோடு கடலில் இறங்குபவர்கள் அலையை மறித்து நிற்பதில்லையே. ஏறி, அது தணியும்வரை கூடவே வருகிறார்கள்.

எது மேல்? 2014இல் போவன் குழு வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடித்த 286 பேர் இந்த இரண்டுக்கும் பழக்கத்தை விடுபவர்கள் குழுவாகக் கூடிப் படிப்படியாக முன்னேறும் வழமையான பன்னிரு படிக் குழுமுறைக்குமாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டுமே வழமையானதை முந்தின. போதைப்பொருளை முதலில் திரும்பத் தொடும் நாளைத் தள்ளிப்போட்டதில் பழைய முறைக்கே மேல்கை. ஒரு வருடத்தில் மனக்கவனக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள். போதைப்பொருள் பாவித்த நாட்களும் மிதமிஞ்சிய குடியும் அவர்களிடம் குறைவு.

அதனால் என் கணக்கு இதுதான்: தொடக்க மாதங்களில் வழியை மாற்றுங்கள், கூடவே மூச்சைக் கவனிக்கவும் பழகுங்கள். (குடியை நிறுத்தியதும் கை நடுங்குகிறவருக்கு இரண்டுமே சரிவராது, முதலில் ஆஸ்பத்திரி.) "தியானம்" என்றால் சிலர் சமயக் காரியம் என்று ஒதுங்குவார்கள். அண்ணனிடம் மூச்சுப் பயிற்சி என்றுதான் சொன்னேன். ஒற்றை அறை வீட்டில் பிள்ளைகளின் சத்தம். அதனால் விடியமுன் தோணியில் இருந்து பழகினார்.

போன மாதம் கூட்டாளி போத்தலோடு வந்தபோது, வலையில் சிக்கெடுத்தபடியே நெஞ்சு இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு தேத்தண்ணி போடச் சொன்னாராம். உள்வீதிப் பாதையை மட்டும் அண்ணன் இன்னும் விடவில்லை.