கடிகாரத்தைத் தொடாமல் நேரத்தை மாற்றும் அக்கா மெஸ்

சென்னை ஓஎம்ஆரில் அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குச் சாயங்காலம் நாலரை மணிக்குச் சூடான சோறு கிடைப்பது பெரிய விஷயம். அந்த நேரத்தில் எங்கே போனாலும் "மீல்ஸ் முடிஞ்சிருச்சு சார், பஜ்ஜி போடுறோம்" என்பார்கள். மதியம் எழுந்து கிளம்பும் எங்களுக்கு அதுதான் நாளின் முதல் முழுச் சாப்பாடு. பெருங்குடியில் எங்கள் ஆபீஸுக்குப் பின்தெருவில் இருக்கும் இந்த மெஸ்ஸுக்குப் போர்டு கிடையாது. அக்கா மெஸ் என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

சாப்பாடு 100 ரூபாய். பொன்னி அரிசிச் சோறு, சாம்பார், காரக்குழம்பு, ரசம், ஒரு பொரியல், மோர், அப்பளம். சுண்டைக்காய் வத்தக்குழம்பு வைக்கும் நாளில் மற்றதெல்லாம் மறந்துபோகும். வத்தலை நல்லெண்ணெயில் கருக விடாமல் வறுத்து, புளி நன்றாகச் சுண்டி எண்ணெய் மேலே மிதக்கும் வரை விட்டுத்தான் இறக்குகிறார். ரசத்தைத் தனியாக டம்ளரில் கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றுவார். மிளகு தூக்கலாக இருக்கும், ராத்திரி முழுக்கக் கண் விழிக்க வேண்டிய வயிற்றுக்கு இதமானது. கூட்டு போடும் நாட்கள் மட்டும் சுமார்தான், தண்ணியாக ஓடும்.

ஆனால் இந்த மெஸ்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதன் நேரம். கோடை வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி திருப்புவார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, மார்ச்சில் மாற்றிய பிறகு 6.30. எங்கள் லாகின், கேப், பசி எல்லாம் ஒரே நாளில் ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிடும். முன்பு நாங்கள் சாப்பிட்ட இடத்தில் இதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். மார்ச் மாதம் போய் நின்றால் அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருப்பார்கள். பிஸ்கட் பாக்கெட்டோடு ஷிஃப்டுக்குப் போன நாட்கள் உண்டு.

அக்கா அப்படியில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைத் தாள்களையும் வருஷம் பிறந்ததுமே தேடி மூலை மடித்து வைத்துவிடுகிறார். மார்ச்சில் அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே சிலேட்டில் "திங்கள் முதல் சாப்பாடு 3.30, ராத்திரி டப்பா 10.30" என்று எழுதிவிடுவார். லண்டன் டீம் ஆட்கள் சிலரும் வருகிறார்கள். அங்கே மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறுதான். 2026-இல் அமெரிக்காவுக்கு மார்ச் 8, லண்டனுக்கு மார்ச் 29. நடுவில் உள்ள மூன்று வாரமும் சிலேட்டில் இரண்டு வரி இருக்கும், இரண்டு கூட்டத்துக்கும் சோறு சூடாக இருக்கும்.

இத்தனைக்கும் பால் வண்டி வரும் நேரம் மாறுவதில்லை, கோயம்பேட்டிலிருந்து காய் வரும் நேரம் மாறுவதில்லை. "அவங்க கடிகாரத்தைத் திருப்புறாங்க, நான் உலையைச் சீக்கிரம் வைக்கிறேன். அவ்வளவுதான் தம்பி" என்றார்.

எங்கள் ஆபீஸில் ஒருவர், நாமும் கோடையில் கடிகாரத்தை மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லையே இருக்காதே என்பார். சாப்பாட்டு மேஜையில் பலமுறை அவரோடு வாதாடியிருக்கிறேன். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே கோடையில் விடிகாலையில் வீணாகும் வெளிச்சத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளுவதில் அர்த்தம் இருக்கிறது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம்தான். ஏப்ரலில் ஆறு மணி வாக்கில் விடிகிறது, ஆறரைக்குள் இருட்டுகிறது. இதில் எதை எடுத்து எங்கே சேமிப்பது?

அதோடு, சாயங்கால வெயில் நமக்கு வேண்டிய பொருளே இல்லை. அது எப்போது இறங்கும் என்று பார்த்துத்தானே பெசன்ட் நகர் பீச்சுக்குக் கிளம்புகிறோம்? மேல்மாடியில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கக்கும். கடிகாரத்தை முன்னால் தள்ளினால் அந்த அனலுக்குள்தான் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கப் போவோம், ஏசியும் அதற்கேற்ப ஓடும். அமெரிக்காவிலேயே இந்தியானா மாநிலம் முழுவதும் 2006-இல் இந்த முறைக்கு மாறியபோது வீடுகளின் மின்செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடியது என்று ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். விளக்குக்கு மிச்சம் பிடித்ததை ஏசி விழுங்கிவிட்டது.

செய்து பார்க்காததும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1942 முதல் 1945 வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால்தான் ஓடியது. போர் முடிந்ததும் விட்டுவிட்டார்கள். இலங்கை 1996-இல் மின்தட்டுப்பாட்டுக்காக நேரத்தை மாற்றி, 2006-இல் நம் நேரத்துக்கே திரும்பியது. பிரேசில் 2019-இல் கைவிட்டது. சீக்கிரம் தொடங்க வேண்டிய வேலையைச் சீக்கிரம் தொடங்கலாம், அக்கா உலை வைப்பதைப் போல. அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் மீன் மார்க்கெட் வரை எல்லோருடைய கடிகாரத்தையும் திருப்ப வேண்டியதில்லை.

சரி, போகிறவர்களுக்கு: உள்ளே பன்னிரண்டு பேர் உட்காரலாம், ஜிபே உண்டு. ராத்திரி டப்பா வேண்டுமென்றால் சாப்பிடும்போதே சொல்லிவிட வேண்டும், பையன் ஆபீஸ் கேட் வரை கொண்டுவந்து தருவான். நவம்பரில் தெருவில் மழைத்தண்ணி நிற்கும். பைக்கை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.