11 வருஷமா ஸ்க்ரீன் ரீடர் வச்சு ஆன்லைன்ல வேலைக்கு அப்ளை பண்ணிட்டு இருக்கேன், என் அனுபவம்

2014-ல எம்.ஏ. முடிச்ச கையோட லேப்டாப்ல என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் போட்டு முதல் தடவையா ஒரு வேலைக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணேன். அதுலேர்ந்து கவர்ன்மென்ட், பேங்க், பிரைவேட்னு எத்தனை ஃபார்ம் நிரப்பியிருப்பேன்னு கணக்கே இல்ல. எனக்குப் பார்வை முழுசா கிடையாது. ஸ்க்ரீன்ல இருக்கறதை என்விடிஏ படிச்சுச் சொல்லும், நான் கீபோர்டுலயே எல்லாத்தையும் பண்ணுவேன், மவுஸ் தொடறதே இல்ல. ஆஸ்திரேலியாவுல பார்வையில்லாத மைக்கேல் கர்ரன்ங்கறவர் 2006-ல ஆரம்பிச்சது அது, இன்னைக்கும் ஃப்ரீதான். ஜாஸ்னு இன்னொரு ஸ்க்ரீன் ரீடர் இருக்கு, அதைக் காசு கொடுத்து வாங்கற வசதி எங்க வீட்ல இல்ல, அதனால என்விடிஏ இல்லன்னா நான் கம்ப்யூட்டர் பக்கமே போயிருக்க மாட்டேன்.

ஒழுங்கா செஞ்ச ஃபார்ம்ல டேப் கீயைத் தட்டினா "அப்பா பெயர், எடிட், ரிக்வயர்டு"ன்னு சொல்லும், அதாவது இது டைப் பண்ற கட்டம், கட்டாயம் நிரப்பணும்னு அர்த்தம். டைப் பண்ணுவேன், அடுத்ததுக்குப் போவேன். மோசமான ஃபார்ம்ல டேப் தட்டத் தட்ட "எடிட் ப்ளாங்க், எடிட் ப்ளாங்க், எடிட் ப்ளாங்க்" அவ்வளவுதான், எது பின்கோடு எது அம்மா பேருன்னே தெரியாது, மேலயும் கீழயும் ஆரோ கீயில போய் எழுத்தைத் தேடி, இதுதான் இதோட கட்டமா இருக்கும்னு குத்துமதிப்பா நிரப்பணும். இத்தனைக்கும் கோட் எழுதறவங்க அந்தக் கட்டத்தையும் அதோட பேரையும் ஒரு லேபிள் போட்டு இணைச்சா போதும், கட்டத்துக்கு ஒரு வரி வேலை.

பிறந்த தேதி கட்டத்தைப் பத்திச் சொல்லியே ஆகணும். 2016-ல ஒரு ஃபார்ம், தேதியை டைப் பண்ண விடாது, காலண்டர்லதான் எடுக்கணும், அந்தக் காலண்டர் பின்னாடி போறது மாசம் மாசமா. நான் பொறந்தது 1991. 25 வருஷம்னா 300 தடவை அந்த பட்டனை அமுக்கணும். உக்காந்து எண்ணிக்கிட்டே அமுக்கினேன், 200-ஐத் தாண்டினப்போ அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த டைம் முடிஞ்சு முதல் பக்கத்துக்கே தள்ளிருச்சு, நிரப்பினது எல்லாம் போச்சு. அன்னைக்கு லேப்டாப்பை மூடி வச்சுட்டு அழுதேன். டபிள்யூசிஏஜி-ன்னு வெப்சைட்டுக்கு உலகம் முழுக்க வச்சிருக்கற விதிமுறைல, டைம் முடியப் போகுதுன்னு முன்னாடியே சொல்லணும், ஒரு கீயை அமுக்கி நீட்டிக்கறதுக்கு குறைஞ்சது 20 செகண்டாவது தரணும்னு இருக்கு. அது 2008-லயே வந்தது.

கேப்சா அடுத்த தலைவலி. படத்துல இருக்கற எழுத்தைப் படிச்சு அடிக்கணும், நான் எங்க போய்ப் படிக்கறது? ஆடியோ கேப்சா இருந்தாலும் இரைச்சலுக்குள்ள இங்கிலீஷ்ல முணுமுணுக்கும், அதைக் கேட்கும்போதே என்விடிஏவும் மேல பேசும். எல்லாம் நிரப்பி முடிச்சு கடைசி பக்கத்துல இதுக்காக மாட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டு அண்ணி வர்ற வரைக்கும் காத்திருந்த நாளெல்லாம் உண்டு.

இப்படி முடியாமப் போறப்போதான் பிரௌசிங் சென்டர். ஆதார் நம்பர், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாத்தையும் முன்ன பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட சத்தமா சொல்லணும், பின்னாடி பத்து பேர் நிப்பாங்க. ஒரு தடவை அங்க இருந்த தம்பி அவசரத்துல மாற்றுத்திறனாளியாங்கற கேள்விக்கு "இல்லை"ன்னு வச்சுட்டான். "எல்லாம் சரியா இருக்குக்கா"ன்னான், நானும் நம்பி சப்மிட் பண்ணச் சொன்னேன். ஹால் டிக்கெட் வந்தப்போ, நான் சொல்லச் சொல்ல எழுதற ஸ்க்ரைபும் இல்ல, கூடுதல் நேரமும் இல்ல. பரீட்சை சென்டர்ல கெஞ்சிப் பார்த்தோம், அப்ளிகேஷன்ல இருக்கறதுதான்னு சொல்லிட்டாங்க. எட்டு மாசம் படிச்ச பரீட்சை. அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த ஃபார்மை நானே படிச்சுப் பார்க்க முடிஞ்சிருந்தா இது நடந்திருக்காது, எனக்கு வேண்டியது அதுதான், என் ஃபார்மை நானே நிரப்பணும், நானே சரிபார்க்கணும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலைல எங்களுக்கு 4% இடஒதுக்கீடு இருக்கு, அதுல 1% பார்வை பாதிப்பு உள்ளவங்களுக்கு. ஆனா அந்த இடத்துக்குப் போற வழியே இந்த ஃபார்ம்தானே. சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல, அக்செசிபிலிட்டி விதிகள், அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தற மாதிரி எல்லாம் இருக்கணுங்கற விதிகள், வெறும் சிபாரிசா இருந்தா பத்தாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லிருச்சு. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி தீர்ப்புல டிஜிட்டல் சேவையை அணுகறதும் வாழ்வுரிமைல சேர்த்திதான்னு சொன்னாங்க, ஆள் யாருன்னு பேங்க் மாதிரி இடங்கள்ல சரிபார்க்கற கேஒய்சி-ல கேமராவைப் பார்த்து கண் சிமிட்டச் சொல்றதை எதிர்த்து ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் பார்வையில்லாத ஒருத்தரும் போட்ட கேஸ் அது. படிக்கச் சொல்லிக் கேட்டப்போ மனசு நிறைஞ்சு போச்சு.

எனக்கு மட்டும்னு நினைக்காதீங்க. காது கேட்காத என் ஃபிரெண்டுக்கு ஃபார்ம் நிரப்பறது சுலபம், ஆனா அதுக்கப்புறம் கம்பெனிலேர்ந்து போன்லதான் கூப்பிடுவாங்க, மெசேஜ் பண்ணுங்கன்னு எழுத ஒரு கட்டம் கூட இருக்காது. கை நடுங்கறவங்களுக்கு அந்தக் குட்டி குட்டி டிக் பாக்ஸ்ல மவுஸை நிறுத்தறதே பெரும்பாடு.

முன்னைக்கு இப்போ பரவாயில்லைன்னுதான் சொல்லுவேன். தேதியை டைப் பண்ண விடற ஃபார்ம் நிறைய வந்துருச்சு, கேப்சாவுக்குப் பதிலா ஓடிபி வைக்கறாங்க. போட்டோ 20-லேர்ந்து 50 கேபிக்குள்ள, கையெழுத்து தனியா ஸ்கேன் பண்ணிப் போடுங்கறது மட்டும் இன்னும் கஷ்டம். முகம் நடுவுல இருக்கான்னு பி மை ஐஸ் ஆப்ல வீடியோ கால்ல யாரையாவது பார்க்கச் சொல்லிக்கறேன்.

ரெண்டு வருஷமா ஒரு பழக்கம் வச்சிருக்கேன். எங்க மாட்டினாலும் அந்த சைட்டுக்கு மெயில் போடுவேன், "உங்க சைட் சரியில்ல"ன்னு எழுத மாட்டேன், எந்தப் பக்கம், எத்தனாவது கட்டம், டேப் தட்டினா என்விடிஏ என்ன சொல்லுது, என்ன சொல்லியிருக்கணும்னு எழுதுவேன். பாதிப் பேர் பதிலே போட மாட்டாங்க. ஒரு பிரைவேட் கம்பெனிலேர்ந்து மட்டும் ஒரு பொண்ணு போன் பண்ணி, நான் நிரப்பறதை ஸ்க்ரீன் ஷேர்ல பார்க்கலாமான்னு கேட்டாங்க. அரை மணி நேரம் பேசாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மூணு வாரம் கழிச்சு அதே ஃபார்மைத் திறந்து டேப் தட்டினேன், "பிறந்த தேதி, எடிட், நாள் மாதம் வருடம்"ன்னு சொல்லுச்சு.