கண்ணாடிப் பட்டையைக் கழற்ற எது நல்லது: கொக்கியா, பிளாஸ்டிக் நெம்பியா, பிளேடா?

பழைய காரின் கண்ணாடியைச் சுற்றி ஓடும் பளபளப்பான பட்டையைக் கழற்றப் போகிறீர்களா? கருவியை எடுக்கும் முன் அந்தப் பட்டையை எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கிளிப்பா, கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் விளிம்பான பீடிங்கா? இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்துதான் பல நல்ல பட்டைகள் பாழாகின்றன.

1968 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே ஷெவெல் என்ற அமெரிக்கக் கார் கிளிப் வகை. பாடியில் பற்றவைத்த குமிழ்களில் கிளிப்புகள் மாட்டியிருக்கும், அவற்றில் எவர்சில்வர் பட்டை உட்கார்ந்திருக்கும். இதற்குக் கொக்கிக் கருவிதான் என் தேர்வு. முனையில் கொக்கி உள்ள அந்தத் தட்டையான இரும்பைப் பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே படுக்க வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று தட்டும், அதுதான் கிளிப். கொக்கியை அதில் மாட்டி லேசாக நெம்பினால் அந்த இடத்தில் பட்டை தளர்ந்துவிடும். விட்டால் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால் இன்னொரு கையால் தாங்கியபடியே அடுத்த கிளிப்புக்குப் போக வேண்டும். மூலைகளில் எந்தத் துண்டு மேலே ஏறியிருக்கிறதோ, அதை முதலில் எடுங்கள்.

கொக்கியில் ஒரு ஆபத்து உண்டு. கண்ணாடியின் ஓரத்தில் இரும்பை ஊன்றித் திருகினால் முன்கண்ணாடியில் விரிசல் ஓடும். பின்கண்ணாடி என்றால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் நெம்பி பெயின்ட்டைக் கீறாது, உண்மைதான். ஆனால் கிளிப்பை விடுவிக்கும் பலம் அதற்கு இல்லை. கிளிப் பிடித்திருக்கும்போதே பட்டையைத் தூக்கினால் பட்டை நடுவில் வளைந்துவிடும். தளர்ந்த பட்டையைத் தாங்கி எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம். அதன் முனை முழு விசையையும் ஒரே புள்ளியில் இறக்கும்: பட்டையில் ஒரு டொக்கு, பெயின்ட்டில் ஒரு கீறல்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் டீலக்ஸ் மாடல்களில் கதையே வேறு. பீடிங்கில் உள்ள பள்ளத்தில் மெல்லிய அலுமினியப் பட்டை செருகியிருக்கும். கிளிப்பே கிடையாது, கொக்கிக்கு வேலையும் இல்லை. எவர்சில்வரில் விழுந்த டொக்கைப் பின்பக்கம் தட்டி, தேய்த்து, பாலீஷ் போட்டு மீட்டுவிடலாம். ஆனால் பீட்டிலின் இந்த அனோடைஸ் செய்த (மின்முறையில் மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினியம் ஒருமுறை மடிந்தால் அந்தத் தழும்பு போகவே போகாது.

அதனால் பீட்டிலுக்கு பிளேடுதான். காருக்குள் உட்கார்ந்து, பாடியைக் கவ்வியிருக்கும் ரப்பர் உதட்டைச் சுற்றிலும் அறுங்கள். வெளியே ஒருவர் கண்ணாடியைத் தாங்க, உள்ளிருந்து தள்ளினால் கண்ணாடி, பீடிங், பட்டை மூன்றும் ஒன்றாக வரும். பிறகு மேஜைமேல் போர்வை விரித்து, பட்டையை இழுக்காமல் ரப்பரை அதிலிருந்து உரித்தெடுங்கள். புது பீடிங்குக்குக் காசு போகிறதே என்று பலர் தயங்குகிறார்கள். பழைய ரப்பர் எப்படியும் கல்லாக இறுகியிருக்கும். நெளியாத பழைய பட்டைதான் கிடைப்பது அரிது. திரும்பப் பூட்டும்போதும் கண்ணாடியைக் காரில் ஏற்றும் முன்பே பட்டையை பீடிங்கில் செருகிவிட வேண்டும்.

ஷெவெலில் பட்டை வந்ததும், குறிப்பாகப் பின்கண்ணாடியின் கீழ்ப்பக்கக் குமிழ்களைப் பாருங்கள். தண்ணீர் தேங்கித் துருப்பிடிப்பது அங்கேதான்.